எத்தனை அடி தள்ளி நிற்பது?

ஃபிளாட் விற்கும் கம்பெனிகளின் விளம்பரப் புத்தகங்களில் எல்லா வீடுகளும் மாளிகைகள்தான். படுக்கையறையில் ஒரு கட்டில், அதைத் தாண்டி ஷட்டில்காக் ஆடலாம் போல வெற்றுத் தரை, எங்கோ தொலைவில் ஒரு ஜன்னல். சாவி வாங்கிக்கொண்டு உள்ளே போகிறவர்தான் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒருக்களித்து நடக்க வேண்டும் என்பதைக் கண்டுபிடிக்கிறார். இதற்குக் கம்ப்யூட்டர் தந்திரம் எதுவும் தேவையில்லை. 16 மி.மீ. லென்ஸ் ஒன்றைக் கேமராவில் மாட்டி, அறையின் மூலையில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றால் போதும். 10 அடி தூரத்தில் அது இருபத்திரண்டரை அடி அகலத்தைப் பிடிக்கிறது. பக்கத்தில் இருப்பது பெருக்கிறது, தள்ளி இருப்பது ஓடி ஒளிகிறது. நடுவில் இல்லாத இடம் பிறக்கிறது.

வடக்கு கொல்கத்தாவின் பாக்பஜார் பக்கத்துக் குடும்பம் ஒன்று, நியூ டவுனில் ஃபிளாட் பார்த்தது இப்படி ஒரு படத்தை வைத்துத்தான். மூன்று தலைமுறையாக இருந்த வீடு புரமோட்டர் கைக்குப் போகிறது. பங்காளிகள் கையெழுத்துப் போட்டாயிற்று. நடுவில் முற்றம், ஒரு பக்கம் பூஜை மண்டபம், பலகைகள் அடுக்கிய பச்சை ஜன்னல்கள், கறுப்புக் கரை போட்ட சிவப்பு சிமென்ட் தரை என்று அந்தப் பேட்டையில் தெருவுக்குத் தெரு இருந்த வகை வீடு. இந்த வகை வீடுகள் வருடத்துக்கு வருடம் குறைந்து வருவதில் செய்தி எதுவும் இல்லை. செய்தி, அந்த வீட்டின் இளைய மகன் கல்யாண புகைப்படக்காரர் என்பதும், வீட்டைக் காலி செய்வதற்குள் அதைப் படமெடுத்துவிட அவர் நினைப்பதும்தான். வயது 46. பெயர் போட வேண்டாம் என்கிறார். பங்காளிகள் ஐந்து பேர், ஆளுக்கொரு வக்கீல்.

நாள் அவருக்குத் தோதாக வாய்த்திருக்கிறது. வங்காளிகளின் பௌஷ் மாதம் நம் மார்கழியேதான். அந்த மாதத்தில் கல்யாணம் வைக்கமாட்டார்கள், வீடும் மாறமாட்டார்கள். எனவே கல்யாண புகைப்படக்காரருக்கு வேலையில்லாத ஒரு மாதம். வீட்டுக்கும் ஒரு மாத ஆயுள். கையில் ஒரு லென்ஸ் வாங்கும் அளவுக்குப் பணம். எந்த லென்ஸ் என்பதுதான் கேள்வி.

அவரிடம் லென்ஸ் இல்லாமல் இல்லை. நிக்கான் இசட் வரிசை ஃபுல் ஃப்ரேம் கேமராவும், கல்யாணத் தொழிலுக்குச் சோறு போடும் 24-70 எஃப்/2.8 ஜூமும் இருக்கின்றன. தாலி ஏறும் நேரத்தில் லென்ஸ் மாற்ற முடியாத தொழிலுக்கு ஜூமை விட்டால் கதியில்லை. ஜூமைக் குறை சொல்லும் பியூரிஸ்டுகள் யாரும் முன்னூறு பேர் முண்டியடிக்கும் கல்யாண மண்டபத்தில் நின்று பார்த்தவர்கள் அல்ல. ஆனால் வீட்டுக்குள் அந்த ஜூம் ஒரு விசித்திரம் செய்கிறது. 805 கிராம் எடையுள்ள அந்தக் கறுப்புக் குழாயைத் தூக்கியதும், ஜன்னலோரம் பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருக்கும் அம்மா தட்டைக் கீழே வைக்கிறார். புடவைத் தலைப்பைச் சரிசெய்கிறார். கண்ணாடியைக் கழற்றுகிறார். பிறகு கல்யாண வீட்டு மாமியார் போல விறைப்பாக உட்கார்ந்துகொள்கிறார். அவருக்கு அந்தக் குழாய் தெரியும். மகன் ஊரார் வீட்டு விசேஷங்களுக்குக் கொண்டுபோகும் சாமான் அது.

சின்னதாக, ஜூம் இல்லாத, அகலமாகப் பார்க்கும் லென்ஸ் ஒன்று வேண்டும் என்று அவர் நினைத்தது இதனால்தான். ஒரே குவிய தூரம் கொண்ட இந்த வகையைத் தொழிலில் பிரைம் லென்ஸ் என்கிறார்கள். முன்னே பின்னே நகர்த்தும் வேலையைக் காலுக்கு விட்டுவிடும் லென்ஸ்.

இங்கே கொஞ்சம் கணக்கு வருகிறது. சுலபமான கணக்குதான். ஃபுல் ஃப்ரேம் என்பது 36 மி.மீ. அகலமும் 24 மி.மீ. உயரமும் உள்ள சென்சார். இந்த அளவு ஜெர்மனியில் லைட்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த ஆஸ்கர் பார்னாக் என்பவரின் உபயம். 1913-14 வாக்கில் சினிமா ஃபிலிமின் இரண்டு கட்டங்களைச் சேர்த்து ஒன்றாக்கி ஒரு சின்னக் கேமரா செய்தார். அதுதான் 1925-ல் லைகாவாகக் கடைக்கு வந்தது. ஃபிலிம் போய் டிஜிட்டல் வந்தபோது இந்த அளவு சிலகாலம் தொலைந்துபோயிற்று. நிக்கானில் 1999-ன் டி1 தொடங்கி 2007-ல் டி3 வரும்வரை எல்லாமே சின்ன சென்சார்கள். அவற்றில் 28 மி.மீ. லென்ஸ் 42 மி.மீ. போலப் பார்க்கும். அகல லென்ஸ் வாங்கியவர்கள் அகலத்தைத் தேடிக்கொண்டே எட்டு வருடம் ஓட்டினார்கள். அந்தக் காலத்தில் தொழிலுக்கு வந்த பலருக்கு 28-க்கும் 35-க்கும் உண்மையில் என்ன வித்தியாசம் என்பது கண்ணில் பதியாமலே போனது. பாக்பஜார்காரரும் அந்தத் தலைமுறைதான்.

கணக்கு இதுதான். நிற்கும் தூரத்தை 36-ஆல் பெருக்கி, லென்ஸின் மி.மீட்டரால் வகுத்தால் படத்தில் அடங்கும் அகலம் வந்துவிடும். அடியில் கொடுத்தால் அடியில் வரும், மீட்டரில் கொடுத்தால் மீட்டரில். 10 அடி தள்ளி நின்றால் 50 மி.மீ. லென்ஸில் 7 அடி சொச்சம், 35-ல் 10 அடி சொச்சம், 28-ல் கிட்டத்தட்ட 13, 24-ல் 15, 20-ல் 18 அடி. 24-க்கும் 28-க்கும் வெறும் 4 மி.மீ.தானே என்று நினைப்பவர்களுக்கு இரண்டு அடி வித்தியாசம் காத்திருக்கிறது. ஒரு அலமாரி உள்ளே வருவதும் வெளியே நிற்பதும் அந்த இரண்டு அடியில்தான்.

கடைக்குப் போகுமுன் வீட்டை அளப்பது என்று அவர் முடிவு செய்தது உருப்படியான முடிவு. தையற்காரர் டேப் ஒன்றை எடுத்துக்கொண்டார். அம்மாவின் அறை 14-க்கு 11 அடி. ஜன்னலை ஒட்டி உயரமான கட்டில். அம்மாவின் இடம் கட்டிலின் ஓரம். கால்மாட்டுக்குத் தள்ளி ஒரு பிரம்பு மோடா. அது மகனின் இடம். தினமும் காலை டீயை அங்கே உட்கார்ந்துதான் குடிக்கிறார். மோடாவிலிருந்து அம்மாவின் முகத்துக்கு 7 அடி. மோடாவுக்குப் பின்னால் தேக்கு அலமாரி இடிக்கிறது, பின்வாங்க இடமில்லை. பின்வாங்குவதானால் கதவைத் தாண்டி வராந்தாவுக்குத்தான் போக வேண்டும்.

இதற்குள் இன்னொரு சோதனையும் செய்தார். முந்தைய வருடத்துப் படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டு, எந்தப் படம் எத்தனை மி.மீட்டரில் எடுத்தது என்று பிரித்துப் பார்த்தார். டிஜிட்டல் கேமரா ஒவ்வொரு படத்துடனும் அதையும் எழுதிவைத்துவிடுகிறது. ஜூம் வைத்திருக்கும் யாரும் செய்து பார்க்கலாம். பெரும்பாலானவை ஒன்று 24, இல்லை 70. நடுவில் கொஞ்சம்தான். அதாவது, வளையத்தை இந்தக் கோடி வரை திருப்புவது, போதாவிட்டால் அந்தக் கோடி வரை திருப்புவது. கண் எதைக் கேட்டது என்பதற்கு இதில் சாட்சியம் இல்லை. கை எங்கே முட்டியது என்பதற்குத்தான் இருக்கிறது. 'எனக்கு 24 தான் பிடிக்கும், என் படங்களே சொல்கின்றன' என்று புள்ளிவிவரம் காட்டி லென்ஸ் வாங்குகிறவர்கள் இதைக் கவனிப்பது நல்லது.

ஆகவே ஜூம் வளையத்தின் மேல் மின்சாரக்காரர் ஒட்டும் கறுப்பு டேப்பை ஒட்டினார். முதல் நான்கு நாள் 35-ல், அடுத்த நான்கு நாள் 28-ல், பிறகு 24-ல். காசு செலவில்லாத வைத்தியம். 20 மட்டும் அந்த ஜூமில் கிடையாது, நண்பரிடம் இரவல்.

35 முதல் நாளே அவரை வராந்தாவில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. மோடாவில் உட்கார்ந்தால் 7 அடி அகலம்தான் கிடைக்கிறது. அம்மா வருகிறார், ஜன்னல் வருகிறது. ஆனால் அப்பாவின் மேஜையும் அதன் மேலிருக்கும் ரேடியோவும் வெளியே போய்விடுகின்றன. எல்லாம் வர வேண்டுமென்றால் கதவுக்கு வெளியே போக வேண்டும். போனார். இரண்டு படம் எடுப்பதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"கோக்கா, உள்ளே வாயேன். வாசலில் நின்றுகொண்டு என்ன பேச்சு?"

46 வயது மகனும் அந்த வீட்டில் கோக்காதான், குழந்தைதான். உள்ளே வந்தார். வந்ததும் 35 தோற்றுவிட்டது.

இரவல் வாங்கிய 20 வேறு மாதிரித் தொல்லை. மோடாவிலிருந்து 12 அடிக்கு மேல் பிடிக்கிறது. 11 அடி அகல அறைக்கு அது அதிகம். இரண்டு பக்கச் சுவரும் உள்ளே வந்து, அறை ரயில்வே பிளாட்பாரம் போல நீள்கிறது. நடுவில் அம்மா பொம்மை அளவு. அவரைப் பெரிதாக்க நெருங்க வேண்டும். எவ்வளவு? மூன்று அடி. மூன்று அடியில் கேமராவோடு வந்து நிற்கிற மகனிடம் எந்த அம்மா வழக்கம் போலப் பேசுவார்? இதற்கு மேல் ஒரு கொடுமையும் உண்டு. அகல லென்ஸ்கள் நேர்கோட்டை நேர்கோடாகவே காட்டுவதற்குக் கொடுக்கும் விலை, ஓரத்தில் இருக்கும் உருண்டையான பொருட்களை இழுத்துவிடுவது. அளவு வரை சொல்லலாம். படத்தின் இடது வலது ஓரத்தில் 20 மி.மீ. லென்ஸ் ஒரு தலையை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அகலமாக்கும். 24 கால் பங்கு, 28 ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு, 35 எட்டில் ஒரு பங்கு. இது லென்ஸின் தரக்குறைவு அல்ல. லட்ச ரூபாய் லென்ஸும் இதைத்தான் செய்யும். ஜியாமெட்ரி பிராண்ட் பார்ப்பதில்லை. கட்டிலில் வரிசையாக உட்கார்ந்த மூன்று பேரில் ஓரத்தில் இருந்த சித்தப்பாவின் தலை 20-ல் பலாப்பழமாக வந்தது. படத்தைப் பார்த்தவர் அன்றைக்குப் பிறகு அந்த லென்ஸின் முன் உட்கார மறுத்துவிட்டார்.

கடைகளில் சொல்லும் ஒரு பொய்யையும் இந்த இடத்தில் உடைத்துவிடலாம். 'வைட் லென்ஸ் மூக்கைப் பெரிதாக்கும்' என்பார்கள். முகத்தின் நடுவில் இருக்கும் மூக்கைப் பெரிதாக்குவது லென்ஸ் அல்ல, தூரம். ஒன்றரை அடியில் ஒரு முகத்தை எந்த லென்ஸால் எடுத்தாலும் மூக்கு முன்னால்தான் நிற்கும். 7 அடியில் எடுத்தால் 20-லும் 35-லும் மூக்குக்கும் காதுக்கும் உள்ள விகிதம் ஒன்றே. லென்ஸ் செய்வதெல்லாம், நம்மை ஒரு தூரத்துக்கு இழுத்துக்கொண்டு போய் நிறுத்துவது. நியூயார்க் தெருக்களில் கேரி வினோகிராண்ட் 28-ஐ வைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்ததும், ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸான் 50-ஐ விட்டு அதிகம் நகராததும் இந்தத் தூர விவகாரம்தான். அவர்கள் மாதிரி எடுக்க அவர்களின் லென்ஸை வாங்குகிறவர்கள், அவர்கள் எங்கே நின்றார்கள் என்பதைக் கேட்பதில்லை.

24-க்கும் 28-க்கும் இடையே முடிவு சுலபமாக வரவில்லை. 24 வேறு ஒரு காரணத்தால் அவருக்கு அலுப்பூட்டியது. இன்றைக்கு எல்லோர் கையிலும் இருக்கும் மொபைல் போன்களின் பிரதான கேமரா பார்ப்பது ஏறக்குறைய இந்த அகலத்தைத்தான், 24-லிருந்து 26 வரை. உலகமே அந்தக் கண்ணால் பார்த்துப் பழகிவிட்டது. அண்ணன் மகள் போனிலேயே வீடு முழுவதையும் எடுத்து வைத்திருக்கிறாள். அதில் உள்ள இன்னும் அகலமான லென்ஸைப் போட்டு எடுத்த படங்களில் பூஜை மண்டபம் விக்டோரியா மெமோரியல் போல இருக்கிறது. சொந்தக்காரர்கள் அதைப் பார்த்து, இவ்வளவு பெரிய வீட்டையா விற்றோம் என்று பெருமூச்சு விடுகிறார்கள். இத்தனை பெரிதாக அது எப்போதும் இருந்ததில்லை. புரமோட்டர் புதிய ஃபிளாட்டுக்குச் செய்ததைப் பேத்தி பழைய வீட்டுக்குச் செய்துவிட்டாள், அவ்வளவுதான். பாசத்தில் செய்தாள் என்பது வித்தியாசம்.

28-ஐ ஒட்டி வைத்த நான்கு நாட்களில் அவர் மோடாவை விட்டு எழுந்திருக்கவில்லை. 7 அடிக்கு 9 அடி அகலம். அம்மா, ஜன்னல், கட்டில், மேஜை, ரேடியோ. அறையின் இரண்டு பக்கச் சுவரும் வரவில்லை. ஆகவே அறை எத்தனை சின்னதோ அத்தனை சின்னதாகவே இருக்கிறது.

குவிய தூரம் முடிவானதும் இரண்டாவது பஞ்சாயத்து ஆரம்பித்தது, வெளிச்சம். நிக்கானின் இசட் வரிசையில் 20, 24, 35 மூன்றிலும் எஃப்/1.8 கிடைக்கிறது. 35-ல் 1.4 கூட 2024-ல் வந்துவிட்டது. 28-ல் மட்டும் 2021-ல் வந்த எஃப்/2.8 தான். 1.8 லென்ஸ் 2.8-ஐப் போல இரண்டரை மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். வடக்கு கொல்கத்தாவின் பழைய வீட்டு அறைகள் பகலிலேயே அரையிருட்டு. சாயங்காலம் ஒற்றை டியூப்லைட். இந்த நிலையில் 2.8 வாங்குவதா என்று நண்பர்கள் சிரித்தார்கள்.

சிரித்தவர்கள் ஃபிலிம் காலத்துக் கணக்கைப் போட்டார்கள். 400 வேக ஃபிலிமில் அந்த டியூப்லைட் வெளிச்சத்தில் எஃப்/2.8-ஐ வைத்தால் ஷட்டர் வினாடியில் எட்டில் ஒரு பங்கு திறந்திருக்க வேண்டும். பருப்பு பொறுக்கும் கை புகையாகிவிடும். அன்றைக்கு 1.4-க்கு ஏங்கியதில் நியாயம் இருந்தது. இன்றைய ஃபுல் ஃப்ரேம் சென்சாரில் 6400 ஐஎஸ்ஓ சர்வ சாதாரணம். அதே அறை, அதே 2.8, வினாடியில் 125-ல் ஒரு பங்கு. கை கையாக இருக்கும். சுவருக்கும் அலமாரிக்கும் இதுகூட வேண்டாம். அவை அசைவதில்லை, கேமரா ஆடுவதை உள்ளே இருக்கும் ஸ்டெபிலைசர் பார்த்துக்கொள்ளும்.

பின்னணி மங்கல் விவகாரம் இன்னும் சுவாரசியமானது. கல்யாண ஆல்பங்கள் பத்துப் பதினைந்து வருடமாக ஓடுவதே அந்த மங்கலில்தான். மணப்பெண்ணின் கண்ணிமை மட்டும் துல்லியம். பின்னால் மாமாவும் அத்தையும் வண்ணக் குமிழிகள். 35 எஃப்/1.4-ல் 5 அடியில் இருப்பவரைப் பிடித்தால், முன்னும் பின்னுமாக மொத்தம் அரை அடிதான் தெளிவாக இருக்கும். அம்மாவின் கண்ணாடி தெளிவு. பின்னால் சுவரில் மாட்டிய காலண்டர், தாத்தாவின் படம், ஜன்னல் பலகை எல்லாம் குழம்பு. ஆனால் இந்த வீட்டில் படமெடுக்க வேண்டியதே பின்னணிதானே? அதை அழிப்பதற்காகக் கூடுதல் பணம் கொடுப்பது விசித்திரமான வியாபாரம். முற்றத்தில் 28-ஐ எஃப்/8-ல் வைத்து 11 அடியில் ஃபோகஸ் செய்துவிட்டால், ஐந்தரை அடியிலிருந்து வானம் வரை தெளிவு. பிறகு ஃபோகஸைத் தொட வேண்டியதில்லை.

இந்த ஊரில் முற்றத்து வெளிச்சத்துக்கு ஒரு சரித்திரமே உண்டு. சத்யஜித் ராயின் 'அபராஜிதோ' (1956) படத்துக்காகக் காசி வீட்டு முற்றத்தை ஸ்டுடியோவுக்குள் செட் போட்டார்கள். மேலே இருந்து வழியும் நிழலில்லாத அந்த வெளிச்சத்தைக் கொண்டுவர, கேமராமேன் சுப்ரதா மித்ரா செட்டுக்கு மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, விளக்குகளை அதில் அடித்துத் திருப்பினார். உலகம் பின்னால் பின்பற்றிய உத்தி. மித்ரா துணி கட்டி வரவழைத்த வெளிச்சம் பாக்பஜார் வீட்டு முற்றத்தில் மார்கழி முழுக்க மதியம் இலவசமாக விழுகிறது. ரகுபீர் சிங் 1988-ல் வெளியிட்ட கல்கத்தா புத்தகத்துக்கு 'வீடும் தெருவும்' என்று பொருள்படும்படி தலைப்பு வைத்தார். இந்த நகரத்தில் அவை இரண்டும் தனித்தனி இல்லை என்பது அங்கே ஒரு வாரம் இருந்தவர்களுக்குப் புரியும்.

எந்த லென்ஸ் என்று முடிவாகி, வாங்கப் போனது எஸ்பிளனேடில், மெட்ரோ சினிமா கட்டடத்தை ஒட்டிய மெட்ரோ கலிக்கு. கலி என்றால் சந்து. தோளோடு தோள் இடிக்கும் சந்தில் இரண்டு பக்கமும் கேமராக் கடைகள். கொல்கத்தா புகைப்படக்காரர்களின் சம்பளத்தில் கணிசமான பங்கு இந்தச் சந்தில்தான் கரைகிறது.

"28-ஆ தாதா? 35 எஃப்/1.4 புதுசு இருக்கிறது. எடுத்துப் பாருங்கள்," என்று கடைக்காரர் ஆரம்பித்தது வழக்கமான வியாபாரம். மறுத்ததும், கண்ணாடி அலமாரியின் அடியிலிருந்து பழைய சரக்கு ஒன்றை எடுத்துப் போட்டார். 1981 முதல் நிக்கான் செய்த கைஃபோகஸ் 28 எஃப்/2.8. 20 செ.மீ. நெருக்கம் வரை போகும். உலோக உடம்பு, வெண்ணெய் போலத் திரும்பும் வளையம். விவரம் தெரிந்தவர்கள் மரியாதையுடன் பேசும் லென்ஸ். அடாப்டர் போட்டால் புதுக் கேமராவிலும் ஏறும். குவிய தூரத்தை மட்டும் கேமராவுக்கு நாம் சொல்லிக்கொடுத்தால் ஸ்டெபிலைசரும் வேலை செய்யும்.

கை அதில் பத்து நிமிடம் ஒட்டிக்கொண்டது. ஆனால் கொல்கத்தாவில் பழைய லென்ஸ் வாங்குகிறவர் முதலில் எடுக்க வேண்டியது பர்ஸ் அல்ல, டார்ச். லென்ஸின் ஒரு பக்கம் விளக்கடித்து மறுபக்கம் சாய்த்துப் பார்த்தால், நல்ல லென்ஸில் சில தூசிகள் தெரியும், அது பாதகமில்லை. இதில் உள்கண்ணாடியின் ஓரத்தில் சிலந்திவலை மாதிரி மெல்லிய கிளைகள் தெரிந்தன. பூஞ்சை. ஜூனிலிருந்து அக்டோபர் வரை காற்றையே பிழியலாம் என்கிற ஊரில், அலமாரியில் தூங்கிய கண்ணாடிக்கு நேரும் கதி இது. ஆரம்ப நிலையில் துடைத்து எடுத்துவிடலாம். கண்ணாடியின் பூச்சைத் தின்றுவிட்டால் தழும்பு போகாது. எந்த நிலை என்பது பிரித்தால்தான் தெரியும். கடைக்காரர், "அது படத்தில் தெரியாது தாதா," என்றார். பெரும்பாலும் அது உண்மையும்கூட. ஜன்னலை நோக்கி எடுக்கும்போதுதான் படம் வெளிறும். இந்த வீட்டில் பாதிப் படங்கள் ஜன்னலை நோக்கித்தான்.

பழைய லென்ஸின் கண்ணாடிகள் அத்தனை சிக்கலாக அடுக்கப்பட்டதற்கு ஒரு காரணம் உண்டு. ஃபிலிம் எஸ்.எல்.ஆர். கேமராவுக்குள் ஒரு முகக்கண்ணாடி மேலும் கீழும் ஆட வேண்டும். நிக்கானில் லென்ஸ் மாட்டும் இடத்துக்கும் ஃபிலிமுக்கும் 46.5 மி.மீ. இடைவெளி. சாதாரண 28 மி.மீ. லென்ஸோ ஃபிலிமிலிருந்து 28 மி.மீ. வாக்கில் உட்கார ஆசைப்படும். உட்கார்ந்தால் முகக்கண்ணாடி நொறுங்கும். எனவே தொலைநோக்கு லென்ஸைத் தலைகீழாகப் போட்டது போன்ற ஒரு அமைப்பை 1950-ல் பாரிசின் ஆன்ஜெனியூ கொண்டுவந்தார். அகல லென்ஸ்கள் அரை நூற்றாண்டுக்கு அந்த வழியில்தான் போயின. முகக்கண்ணாடி இல்லாத இன்றைய கேமராக்களில் இந்த நிர்ப்பந்தம் போய்விட்டது. 2018-ல் வந்த இசட் வரிசையில் இடைவெளி 16 மி.மீ.தான். புது 28-ன் எடை 155 கிராம். மாட்டும் வளையம் பிளாஸ்டிக். கோடுகள் லேசாக வளைவதைக் கேமராவே கணக்குப் போட்டு நிமிர்த்திவிடும்படி விட்டிருக்கிறார்கள். பழைய ஆட்களுக்கு இது மோசடி போலத் தோன்றும். விலையைப் பார்த்தால் கோபம் தணிந்துவிடும், 24 எஃப்/1.8-ன் விலையில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான்.

புதியதையே வாங்கினார். மீந்த பணத்தில் பாதி, ஈரம் புகாத லென்ஸ் அலமாரி ஒன்றுக்குப் போயிற்று.

வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டியபோது அம்மா அதைக் கேமராவாகவே மதிக்கவில்லை. முன்னால் ஒன்றும் நீட்டிக்கொண்டிருக்கவில்லை. பெரியது ரிப்பேரா என்று கேட்டார். பருப்புத் தட்டு மடியிலேயே இருந்தது. கண்ணாடி மூக்கிலேயே இருந்தது. அந்தப் பதினைந்து நாட்களில் எடுத்தவற்றில் நன்றாக வந்தவை எல்லாம் மோடாவிலிருந்து எடுத்தவை. அம்மா கட்டிலிலிருந்து இறங்கும்போது எந்தக் கையை எங்கே ஊன்றுகிறார், ஜன்னல் பலகையைத் திருப்ப எந்த விரலை வைக்கிறார் என்பதெல்லாம் அவற்றில் இருக்கின்றன. நியூ டவுன் ஃபிளாட்டின் ஜன்னல்கள் அலுமினியம். பக்கவாட்டில் தள்ள வேண்டியவை.

28-க்கு எல்லாமே அடங்கியது என்றில்லை. கூரை 14 அடி உயரம். கேமராவை நிமிர்த்தினால் சுவர்கள் உள்பக்கமாகச் சாய்கின்றன, நிமிர்த்தாவிட்டால் உத்தரங்கள் வெட்டுப்படுகின்றன. உத்தரங்களைத் தரையில் மல்லாந்து படுத்துத் தனியாக எடுத்திருக்கிறார். மூன்றரை அடி அகல மாடிப்படி பெரிய சங்கடம். அதில் பின்வாங்கினால் விழ வேண்டியதுதான். மூன்று படங்களாக எடுத்து ஒட்டிப் பார்த்தார். கைப்பிடி மூன்று இடத்தில் முறிந்து தெரிந்தது. கடைசியில் அண்ணன் மகளின் போன் படமே ஆல்பத்துக்குப் போகிறது. விக்டோரியா மெமோரியல் மாடிப்படி போலத்தான் இருக்கிறது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

இனி பாக்கி ஒரே ஒரு அறை, மேல்மாடியில் பத்து வருடமாகப் பூட்டிக் கிடக்கும் ஒரு பங்காளியின் அறை. அதன் அளவு யாருக்கும் நினைவில்லை. சாவி ஹைகோர்ட் பக்கம் ஒரு வக்கீலிடம் இருக்கிறது; வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். தையற்காரர் டேப்பைக் கேமராப் பையிலேயே போட்டு வைத்திருக்கிறார்.